வாடிவாசலுக்கு முன்னால் நிற்கும் பாடி: வேகப் படப்பிடிப்புக்கு செகண்ட் ஹேண்ட் புரொபஷனல் கேமரா வாங்குவோருக்கான முழு வழிகாட்டி

வாடிவாசலைத் தாண்டி வரும் காளை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 8.3 மீட்டர். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது 83 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். 20 மீட்டர் தள்ளி நின்று 300 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் (லென்ஸ் துளையை அகலமாகத் திறந்து) வைத்து எடுத்தால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 75 சென்டிமீட்டர் அளவுதான். ஆக, ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஃபோகஸ் நகர்ந்தே ஆக வேண்டும். நகராவிட்டால் முதல் படத்தில் கொம்பு தெளியும். இரண்டாவது படத்தில் எல்லாம் புகைதான்.

பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வாங்கப் போகிறவர் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மெகாபிக்சலும், பெட்டியில் அச்சிட்ட பர்ஸ்ட் (பட்டனை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து விழும் படங்கள்) எண்ணிக்கையும் கேமரா புதிதாக இருந்த நாளின் கதை. இன்று அதன் ஃபோகஸ் ஓடிவரும் பொருளைப் பிடிக்கிறதா, ஷட்டர் சீராக ஓடுகிறதா, கார்டு ஸ்லாட் உயிரோடு இருக்கிறதா என்பவைதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். இவற்றைக் கடைவாசலிலேயே அரை மணி, முக்கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

முதலில், எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?

மதுரைப் பக்கத்தில் வேகப் படம் என்றால் நாலைந்து வகை களங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கேமராவிடம் வேறு வேறு வேலை வாங்கும்.

முதலில் ஜல்லிக்கட்டு: தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர். இங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை. தொந்தரவு தருவது தூசிதான். களத்தில் கொட்டிய தேங்காய் நார்க் கழிவும் மண்ணும் காளை கிளப்பக் கிளப்ப காற்றில் மிதக்கும். காலையிலிருந்து மாலை வரை சில ஆயிரம் படங்கள் விழும். ஆகவே மழை, தூசி தாங்கும் ரப்பர் அடைப்புகள் நன்றாக உள்ள பாடி, நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி, ஆழமான பஃபர் (கார்டில் எழுதுமுன் படங்களைத் தேக்கிவைக்கும் உள் நினைவகம்) மூன்றும் வேண்டும். ஷட்டர் வேகம் 1/1600க்குக் கீழே இறங்க வேண்டாம். அதே 30 கிலோமீட்டர் வேகத்தில் காளை குறுக்கே ஓடினால் 1/500 நொடியில் 1.7 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 1/2000இல் 4 மில்லிமீட்டர்தான்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குவது விடியற்காலை. தங்கக் குதிரை ஒன்றும் பாய்ந்து வரப்போவதில்லை. ஆனால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் கூட்டத்தின் அலையும் நிற்காத அசைவு. வெளிச்சம் மிகக் குறைவு. இங்கே ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்) 6400, 12800 வரை போனாலும் தாங்கும் ஃபுல் பிரேம் சென்சார்தான் கைகொடுக்கும்.

கபடி, பூப்பந்து போன்ற உள்ளரங்க ஆட்டங்களிலும், விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் இரவு ஆட்டங்களிலும் சிக்கல் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களில் நாலு மங்கலாகவோ மஞ்சளாகவோ விழுவது இதனால்தான். கேனான் 7டி மார்க் 2, 1டி எக்ஸ் மார்க் 2, நிகான் டி500 போன்றவற்றில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, உச்ச வெளிச்சத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி உண்டு. உள்ளரங்க வேலைதான் உங்கள் பிழைப்பு என்றால், இந்த வசதி இல்லாத பழைய பாடியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தள்ளிவிடுங்கள்.

அரிட்டாபட்டிப் பாறைகளில் இரைவேட்டைப் பறவைகளைத் துரத்துகிறவர்களுக்கு எட்டும் தூரம்தான் முதல் தேவை. 300 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் உள்ள நிகானில் 450 மி.மீ. போலவும் கேனானில் 480 மி.மீ. போலவும் சட்டத்தை நிரப்பும். பெரிய லென்ஸுக்குக் காசில்லாதவருக்கு இது பெரிய சேமிப்பு.

எந்த பாடி?

உங்களிடம் ஏற்கெனவே லென்ஸ் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கையில் இருக்கிறது. கம்பெனி மாற்றி லென்ஸையும் மாற்றுவது, வீட்டுக் கதவுக்காக வீட்டையே மாற்றுகிற கதை.

கேனானில் மலிவான நுழைவாயில் 7டி மார்க் 2. 2014இல் வந்தது. நொடிக்கு 10 படம், 65 ஃபோகஸ் புள்ளிகள், எல்லாமே குறுக்கு வகை (நெடுக்கு, குறுக்கு இரண்டு வகைக் கோடுகளையும் பிடிப்பவை). ஷட்டர் 2 லட்சம் தடவைக்கு என்று கம்பெனி கணக்கு. பகல் வெளிச்ச ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தாராளம். ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டினால் முகம் சுளிக்கும். ரா கோப்பில் (சென்சார் தரும் விவரம் சுருக்கித் திருத்தப்படாத கோப்பு) பஃபர் 31 படம். அதாவது மூன்று நொடி. காளை வாடிவாசலில் தலை நீட்டியதுமே பட்டனை அழுத்திப் பிடிக்கிறவர், திமிலைத் தழுவும் நேரத்தில் கேமரா மூச்சுவாங்குவதைப் பார்ப்பார்.

அதற்கு மேலே 1டி எக்ஸ் வரிசை. 2012இல் சந்தைக்கு வந்த முதல் 1டி எக்ஸ் 18 மெகாபிக்சல், நொடிக்கு 12 படம். 2016இன் மார்க் 2, 20.2 மெகாபிக்சல், 14 படம். இரண்டுக்கும் ஷட்டர் கணக்கு 4 லட்சம். 2020இன் மார்க் 3, வியூஃபைண்டர் வழியாக 16 படம். ஷட்டர் 5 லட்சம். முதல் 1டி எக்ஸில் கவனிக்க ஒரு விஷயம்: சில தொகுதிகளில் உள் இயக்கப் பகுதிகளுக்கு எண்ணெய்ப் பசை போதாமல் தேய்மானத் தூள் விழுந்து ஃபோகஸ் தடுமாறியது, கம்பெனியே அறிவித்துச் சரிசெய்து கொடுத்தது. அந்த வேலை முடிந்த பாடியா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால், கீழே சொல்லும் பைக் சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள்.

நிகானில் டி500 இன்றும் காசுக்கு ஏற்ற கேமரா என்பது எங்கள் தீர்ப்பு. 2016இல் வந்தது. 20.9 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் புள்ளிகள். அவை சட்டத்தின் இடம் வலம் ஓரம்வரை பரந்திருக்கும் என்பதால், காளையை ஓரத்தில் வைத்துச் சட்டம் போடலாம். எக்ஸ்கியூடி என்னும் வேகமான மெமரி கார்டு வகையில் நல்லதாகப் போட்டால் ரா கோப்பிலேயே 200 படம் வரை ஓடும். பேட்டரியோடு 860 கிராம். அதே ஃபோகஸ் அமைப்பை ஃபுல் பிரேமில் தருவது டி5: நொடிக்கு 12 படம், எடை பேட்டரியோடு 1.4 கிலோ. இருட்டில் டி5 வேறு உலகம். டி4, டி4எஸ் இரண்டும் 16 மெகாபிக்சல், விலை மலிவு. ஆனால் கார்டு விவகாரம் இருக்கிறது, பிறகு வருகிறோம்.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் சோனி ஏ9. 2017இல் வந்தது, 673 கிராம், சத்தமே இல்லாமல் நொடிக்கு 20 படம். இதன் சென்சார் அடுக்கு வகை என்பதால் முழுச் சட்டத்தையும் ஏறத்தாழ 1/150 நொடியில் படித்துவிடும். சாதாரணச் சென்சார் உள்ள மிரர்லெஸ்களில் எலக்ட்ரானிக் ஷட்டரை (திரை ஓடாமல் சென்சாரே வரிசை வரிசையாகப் படிப்பது) நம்பி வாங்காதீர்கள். சிலம்பக் கம்பு வில்லாக வளையும், கிரிக்கெட் மட்டை வாழைப்பழமாகும். அவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு எத்தனை என்பதுதான் உங்களுக்கான எண். ஏ9இல் இது தலைகீழ்: மெக்கானிக்கலில் வெறும் 5. இன்னொன்று, வேறு கம்பெனி லென்ஸ் மாட்டினால் 20 என்பது 15க்கு இறங்கிவிடும். ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 5.0க்குக் கீழே இருக்கும் ஏ9ஐக் கண்டால் பயப்பட வேண்டாம், புதுப்பித்துவிடலாம். பொருளைத் தொடர்ந்து பிடிக்கும் திறனே அந்தப் பதிப்பில்தான் பெரிதாக மாறியது.

நேரில் போகுமுன் கேட்டு வாங்க வேண்டியவை

டவுன்ஹால் ரோட்டுக் கடையாக இருந்தாலும், சென்னையிலிருந்து கூரியரில் அனுப்புகிறேன் என்கிற முகம் தெரியாதவராக இருந்தாலும், முதலில் ஒரு படம் கேளுங்கள். அந்த பாடியில் இன்று எடுத்த, கைவைக்காத ஜேபெக் கோப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் உள் விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நிகான் கோப்பாக இருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்ததும் ஷட்டர் கவுண்ட்டும் (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை ஓடியது என்ற எண்) சீரியல் எண்ணும் தெரியும். கேனான் கோப்பில் ஷட்டர் கவுண்ட் எழுதப்படுவதில்லை. 1டி எக்ஸ் வரிசையில் மெனுவிலேயே சிஸ்டம் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் ஆயிரக்கணக்கில் காட்டும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். 7டி மார்க் 2க்கு கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் தனி மென்பொருளால்தான் பார்க்க முடியும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். 4 லட்சம் என்பது கம்பெனி சோதித்த அளவு. அன்றைக்கே ஷட்டர் செத்துப்போகும் என்று பொருளில்லை. அதற்கு முன்பே சாகாது என்ற உத்தரவாதமும் இல்லை. பத்திரிகை, விளையாட்டு வேலையில் 2.5 லட்சம் ஓடிய 1டி எக்ஸ், பர்ஸ்ட்டிலேயே ஓடியிருக்கும். வேலைக்காரர் கையில் ஒழுங்காகச் சர்வீஸும் பார்த்திருக்கும். 20 ஆயிரம் மட்டும் ஓடிய பாடியை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். கல்யாண மண்டபத்தில் முழுநேரமும் வீடியோ எடுத்த கேமராவில் ஷட்டர் கவுண்ட் ஏறவே ஏறாது. ஆனால் சென்சாரும் போர்டும் சூட்டில் நூறு நூறு மணி நேரம் வெந்திருக்கும். ஏ9 போல எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடும் பாடிக்கும் இந்த எண் அதிகம் சொல்லாது. ஆகவே “எத்தனை ஓடியிருக்கு?” என்பதோடு “எதுக்கு ஓட்டினீங்க அண்ணே?” என்றும் கேளுங்கள்.

படி 1: கையில் வாங்கியதும், ஆன் செய்யாமல்

பேட்டரியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தொடுமுனைகளில் பச்சைப் பூப்போ வெள்ளைப் பொடியோ இருந்தால் தண்ணீர் அல்லது உப்புக் காற்று உள்ளே போயிருக்கிறது. ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் நாளெல்லாம் ஓடிய பாடிகளில் இது சகஜம். ஃபிளாஷ் மாட்டும் மேல் தடத்தையும் பாருங்கள். துரு தெரிந்தால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். உப்பு அரித்த சர்க்யூட் இன்று ஓடும், அடுத்த வாரம் நிற்கும்.

கார்டு கதவைத் திறங்கள். சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ் என்னும் பழைய வகை) கார்டு ஸ்லாட்டுக்குள் ஊசி போன்ற முனைகள் வரிசையாக இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் ஸ்லாட் போச்சு. கார்டைச் சாய்த்துத் தள்ளும் அவசரக்காரர் கையிலிருந்து வந்த பாடிகளில் இதுதான் முதல் காயம். டார்ச்சைச் சாய்த்து அடித்து, வரிசை நேராக இருக்கிறதா என்று இருபக்கமும் பாருங்கள்.

அடிப்பக்கத்து ஸ்க்ரூ தலைகள் தேய்ந்து மினுங்கினால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை, யார், ஏன் என்பதற்குப் பதில் வேண்டும். கைப்பிடி ரப்பர் உப்பி நகர்வது வெறும் பசை விவகாரம், சில்லறைச் செலவு. ஆனால் பக்கவாட்டு மூடிகள் கிழிந்து தொங்கினால் தூசி தடுப்பே போய்விட்டது. லென்ஸ் மவுண்ட் வளையத்தில் கோடுகள் இருப்பது இயல்பு. லென்ஸை மாட்டி மெல்ல அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால்தான் கெட்டது. கீழே விழுந்த பாடியாகவும் இருக்கலாம்.

வியூஃபைண்டருக்குள் சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் தோல் பையோடு வைத்த கேமராவுக்கு வருவது. தூசி இருந்தால் கவலை இல்லை, அது படத்தில் விழாது.

படி 2: சென்சார்

லென்ஸை எஃப் 16க்குக் கொண்டுபோய், ஐஎஸ்ஓ 100இல், ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரியும். மங்கலானவை தூசி, துடைத்தால் போகும். ஓரம் கூர்மையான, வட்டமான புள்ளிகள் கூட்டமாக ஒரே மூலையில் இருந்தால் எண்ணெய்த் துளி. சென்சாரைத் துடைத்து, 500 படம் எடுத்தபின் மறுபடி வந்தால் ஷட்டர் பகுதி கசிகிறது என்று அர்த்தம்.

பிறகு லென்ஸை மூடியால் மூடி, ஐஎஸ்ஓ 1600, 10 நொடி. திரையில் முழுதாகப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். ஐந்தாறு வண்ணப் புள்ளிகள் எந்தப் பழைய சென்சாரிலும் இருக்கும். மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ ஒரு நேர்கோடு போனால், அது லேசர் சுட்ட தழும்பு. ரிசப்ஷன் மேடையிலும் திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலும் சுழலும் லேசர் விளக்கு நேராக லென்ஸுக்குள் விழுந்தால் இப்படி ஆகும். சரிசெய்ய வழி சென்சாரை மாற்றுவதுதான். பழைய பாடிக்கு அது கட்டாது.

படி 3: ஷட்டர்

இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல வெயிலில், மேகமில்லாத வானத்தை, ஃபோகஸ் கலைத்து, ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 1/8000இல் ஒரு படம். அதே வானத்தை எஃப் 11, 1/1000இல் ஒரு படம். இரண்டுக்கும் வெளிச்சக் கணக்கு ஒன்றே. முதல் படத்தில் மேல் விளிம்போ கீழ் விளிம்போ மட்டும் பட்டையாக இருண்டிருந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளில் ஒன்று தளர்ந்து வேகம் மாறி ஓடுகிறது. நாலு மூலையும் வட்டமாக இருண்டால் அது லென்ஸின் இயல்பு, பாடியின் குற்றமில்லை. 1/8000இல் பத்துப் படம் தொடர்ந்து எடுத்து, பத்தும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏழாவது படம் மட்டும் இருண்டால் அந்த ஷட்டர் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது.

அடுத்து, தடத்தில் ஒரு ஃபிளாஷை மாட்டி, அதிவேக ஒத்திசைவை (ஹை-ஸ்பீட் சிங்க்) அணைத்துவிட்டு, 1/250இல் சுவரைச் சுடுங்கள். மேலே சொன்ன 7டி மார்க் 2, 1டி எக்ஸ், டி500, டி5, ஏ9 எல்லாவற்றுக்கும் ஒத்திசைவு எல்லை (ஃபிளாஷ் முழுச் சட்டத்திலும் விழும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/250தான். ஏ9இல் மட்டும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படத்தின் விளிம்பில் கறுப்புப் பட்டை விழுந்தால் திரை தாமதிக்கிறது. ரேடியோ டிரிகர் (கம்பியில்லாமல் ஃபிளாஷை இயக்கும் கருவி) வைத்து இதைச் செய்யாதீர்கள். அதன் தாமதமே பட்டையாக விழுந்து உங்களைக் குழப்பும்.

பர்ஸ்ட் வேகத்தை அளக்க ஒரு செல்போன் போதும். ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, 1/250இல் அதைத் தொடர்ந்து எடுங்கள். டி500இல் முதல் படத்துக்கும் 11ஆவது படத்துக்கும் இடையே சரியாக 1 நொடி காட்ட வேண்டும். 12 படம் எடுக்கும் 1டி எக்ஸிலும் டி5இலும் முதல் படமும் 13ஆவது படமும். திரையின் சொந்தத் துடிப்பால் நூற்றில் இரண்டு பங்கு முன்பின் இருக்கலாம். அதைவிட மெதுவாக இருந்தால் உடனே பாடியைக் குறை சொல்லிவிடாதீர்கள். பேட்டரி பாதிக்குக் கீழா, சைலன்ட் முறையில் இருக்கிறதா, மெனுவில் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். காதையும் கொடுங்கள்: நல்ல பாடியின் பர்ஸ்ட் தையல் மிஷின் போல ஒரே தாளம். நடுவில் தடுமாறினால் கண்ணாடி இயக்கம் தேய்ந்திருக்கிறது.

1டி எக்ஸ் வரிசையில் சிஸ்டம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பழைய எரர் பட்டியலும் இருக்கும். எர் 01 வந்தால் பெரும்பாலும் லென்ஸ் தொடுமுனை அழுக்கு. எர் 20, எர் 30 திரும்பத் திரும்ப வந்திருந்தால் கண்ணாடி அல்லது ஷட்டர் தகராறு.

படி 4: பைக் சோதனை

இதைச் செய்யாமல் வேகப் படத்துக்கு பாடி வாங்குவது, ஓட்டிப் பார்க்காமல் வண்டி வாங்குவது மாதிரி. 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோங்கள், அல்லது கடைக்காரரிடமே கேளுங்கள். கூட வந்த தம்பியை நெரிசலில்லாத ரோட்டில் 60 மீட்டர் தள்ளி பைக்கோடு நிறுத்துங்கள். அவர் மணிக்கு 30 கிலோமீட்டரில் உங்களை நோக்கி நேராக வரட்டும். கேமரா தொடர் ஃபோகஸில், ஒற்றை நடுப்புள்ளி, 200 மி.மீ., எஃப் 2.8, 1/1600. புள்ளியை நம்பர் பிளேட்டில் வையுங்கள். தட்டையானது, எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை. இதைவிட நல்ல ஃபோகஸ் பலகையைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. 40 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை விடாமல் எடுங்கள். மூன்று தடவை ஓட்டுங்கள்.

படங்களைத் திரையில் பெரிதாக்கி நம்பரைப் படியுங்கள். பத்தில் எட்டு தெளிவாக இருந்தால் அந்தப் பாடிக்கு ஆயுள் இருக்கிறது. கடைசி ஐந்து மீட்டரில் சில தவறுவது எந்தக் கேமராவிலும் நடக்கும். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி பிளேட்டுக்குப் பின்னால் ஹேண்டில் பார் தெளிந்திருந்தால் பயமில்லை. மெனுவில் உள்ள ஃபோகஸ் திருத்தத்தில் சரியாகிவிடக்கூடியது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று நடுவில் என்று தாறுமாறாக இருந்தால்தான் ஆபத்து. டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள கேமராவில்) பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறிய கண்ணாடி, வெளிச்சத்தைக் கீழே உள்ள ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. லட்சக்கணக்கான தடவை மேலும் கீழும் அடித்து அதன் கீல் தளர்ந்துவிட்டால், ஒவ்வொரு அடியிலும் வேறு கோணத்தில் உட்காரும். எந்த மெனுவும் இதைச் சரிசெய்யாது.

பிறகு நடுப்புள்ளியை விட்டு, இடது ஓரப் புள்ளியிலும் வலது ஓரப் புள்ளியிலும் நின்ற பைக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளியவில்லை என்றால் மவுண்ட் சாய்ந்திருக்கலாம். ஏஎஃப்-ஆன் பட்டன் (ஃபோகஸை மட்டும் இயக்குவது), ஜாய்ஸ்டிக், நெட்டுப் பிடியின் (கேமராவை நிமிர்த்திப் பிடிக்கும் கைப்பிடியின்) பட்டன்கள் எல்லாவற்றையும் இருபது தடவை அமுக்குங்கள். விளையாட்டுப் படக்காரர் பாடியில் முதலில் சாவது கட்டைவிரல் படும் அந்த ஏஎஃப்-ஆன்தான்.

ஏ9இல் இதே சோதனையை எலக்ட்ரானிக் ஷட்டரில் செய்யுங்கள். தேயும் கண்ணாடி இல்லை என்பதால் தாறுமாறு தவறுகள் அரிது. அங்கே எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் செத்த புள்ளி, சென்சார் கண்ணாடியில் கீறல், கார்டு ஸ்லாட்டின் தளர்ச்சி ஆகியவற்றைப் பாருங்கள். சென்சார் வெளியே தெரியும் கேமரா என்பதால், முந்தைய உரிமையாளர் தூசிக்களத்தில் லென்ஸ் மாற்றிய பழக்கமெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

படி 5: பேட்டரி, கார்டு, மறைந்திருக்கும் செலவு

கேனானில் பேட்டரி விவரப் பக்கத்தில் ரீசார்ஜ் நிலையை மூன்று கோடுகளால் காட்டும். மூன்றும் பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் புதிது வாங்கும் செலவைச் சேருங்கள். நிகானில் பேட்டரி வயது 0 முதல் 4 வரை. 0 புதிது, 4 என்றால் தூக்கிப்போட வேண்டியது. பெரிய பாடிகளின் பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். சார்ஜர் இல்லாத 1டி எக்ஸ் மலிவாகத் தோன்றும், மலிவில்லை.

கார்டு கணக்கை இன்னும் கவனமாகப் போடுங்கள். 1டி எக்ஸ் மார்க் 2க்கு முழு பஃபர் வேண்டுமென்றால் சிஃபாஸ்ட் கார்டு. வேறு எதிலும் அதிகம் பயன்படாத வகை. டி500, எக்ஸ்கியூடி ஸ்லாட் உள்ள டி5 இரண்டும் ஃபர்ம்வேர் புதுப்பித்தபின் இன்றைய சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகைக் கார்டை ஏற்கும். டி4, டி4எஸ் ஏற்காது. எக்ஸ்கியூடி கார்டைத் தேடி அலைய வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து சிஎஃப் ஸ்லாட்டோடு வாழ வேண்டும். டி5 இரண்டு விதமாக விற்கப்பட்டது: இரட்டை எக்ஸ்கியூடி ஒன்று, இரட்டை சிஎஃப் ஒன்று. பெட்டியைப் பார்க்காதீர்கள், ஸ்லாட்டைப் பாருங்கள்.

விலை பேசுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: பாடி, இரண்டு கார்டு, இரண்டாவது பேட்டரி, ஒரு தடவை சென்சார் சுத்தம். ஷட்டர் கணக்கின் முக்கால் பங்கைத் தாண்டிய பாடி என்றால், சர்வீஸ் சென்டரில் ஷட்டர் மாற்றக் கூலியும் உதிரியும் எவ்வளவு, உதிரி இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டு, அதில் பாதியை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள். கடைக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

மொத்தப் பணத்தையும் பாடியில் கொட்டிவிட்டு, எஃப் 5.6 லென்ஸை மாட்டிக்கொண்டு விளக்கடியில் கபடிக்குப் போகாதீர்கள். 7டி மார்க் 2வோடு 70-200 எஃப் 2.8 வைத்திருப்பவர், 1டி எக்ஸோடு கிட் லென்ஸ் வைத்திருப்பவரைவிட நல்ல படம் கொண்டுவருவார்.

படி 6: பில், சீரியல், பணம்

அடியில் ஒட்டிய சீரியல் எண், கோப்புக்குள் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கர் சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவில் குற்றம். “நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்” என்பது அங்கே எடுபடாது. ஒரிஜினல் பில் இல்லாத நேர்மையான விற்பனையாளரும் உண்டு. அவரிடம் பெயர், முகவரி, சீரியல் எண், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அடையாள அட்டை நகலோடு. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்த பாடி என்றால் சீரியல் எண்ணைச் சொல்லி, இங்கே சர்வீஸ் எடுப்பார்களா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கடையில் வாங்கினால் “ஒரு மாதம் பார்த்துக்கலாம் தம்பி” என்ற வாய்ச்சொல்லை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த ஒரு மாதம் இல்லை என்றே விலை பேசுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

மெனுவை முழுதாக ரீசெட் செய்யுங்கள்; முந்தையவர் மாற்றிவைத்த தனிப்பயன் பட்டன்கள் களத்தில் காலை வாரும். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். பிறகு ஒரே வாரத்தில் 3000 படம் ஓட்டுங்கள். பழைய பாடியில் வெப்பத்தால் வரும் கோளாறு ஐம்பது படத்தில் தெரியாது. உச்சி வெயிலில் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் தெரிந்துவிடும். தெப்பக்குளத்துக்கு மேலே சுற்றும் புறாக்களும், ரிங் ரோட்டில் வரும் டவுன் பஸ்களும் இதற்குத் தாராளம். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் எழுதவைத்து, ஒவ்வொரு கார்டிலிருந்தும் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். பில்லில் எழுதிய அந்த ஒரு மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். தை பிறந்த பிறகு அவனியாபுரத்துக் கேலரியில் நின்று கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுக்கக் கடை திறந்திருக்காது, பொங்கல் விடுமுறை.